பாளைக்குத் தடை, புட்டிக்குக் கடை!

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கோபாலபுரத்தைக் கடந்ததும் கேரள மண் தொடங்குகிறது. இப்பாலும் தென்னந்தோப்பு, அப்பாலும் தென்னந்தோப்பு. எல்லைக் கல்லைப் பார்த்தா மரம் பாளை விடுகிறது? ஆயினும், அப்பால் சித்தூர் வட்டத்தில் பாளை சீவிக் கள் இறக்குபவர் உரிமம் பெற்ற தொழிலாளி. இப்பால் அதே அரிவாளால் அதே பாளையைச் சீவுபவர் குற்றவாளி! நம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தை நாள்தோறும் விடியுமுன் எல்லை தாண்டிச் சென்று மரமேறித் திரும்புகிறார். "மரம் ஒன்றுதானே ஐயா, சட்டம் மட்டும் ஏன் இரண்டு?" என்று அச்சிறுவன் கேட்டான். குடிமையியல் பாடம் நடத்தச் சென்ற நாம் வாயடைத்து நின்றோம். அந்த வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

குடிக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் முன்னால்தான் அமர்ந்து படிக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஒருவன் எதை உண்ணலாம், எதைப் பருகலாம், எதை விற்றுப் பிழைக்கலாம் என்பதை அரசு வரையறுக்கும்போது, அந்த வரையறை யார் நலன் கருதி எழுதப்படுகிறது என்பதே அது.

வரலாற்றைப் புரட்டுவோம். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனம் மது மொத்த வணிகத்துக்காகப் பிறந்தது. 1987 சனவரி முதல் நாளில் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. ஆலையில் வடித்த மதுவோ தப்பிப் பிழைத்தது! 2003இல் சில்லறைக் கடைகளும் அந்நிறுவனத்தின் கைக்கே வந்தன. 2023இல் 500 கடைகள் மூடப்பட்ட பின்னும் 4,000க்கு மேற்பட்ட கடைகள் எஞ்சி நின்றன. 2024-25ஆம் ஆண்டில் மட்டும் அவற்றால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். இதற்குப் பெயர் மதுவிலக்கா? கள்விலக்கு என்று சொன்னால் பொருந்தும்.

போதைதான் காரணம் என்பார்கள். கணக்குப் பார்ப்போமா? புதுக் கள்ளில் ஆல்ககால் ஐந்து விழுக்காட்டை ஒட்டியது. புளிக்கப் புளிக்கச் சற்றே ஏறும். அரசுக் கடையில் விற்கும் பிராந்தியில் அது 42.8 விழுக்காடு. வலிமையற்றதற்குச் சிறை, வலிமையுள்ளதற்குச் சிம்மாசனம்! வலிமை குறைந்ததை விற்பதில்லை என்பது கொள்கையோ என்றால், அதே கடையில் பீர் விற்கிறது. கள்ளுக்கும் பீருக்கும் போதையில் பெரிய வேற்றுமை இல்லை. அப்படியானால் கள் செய்த குற்றம்தான் என்ன? புட்டிக்குள் புகாததுதான்!

இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. கள் காலையில் இறங்கினால் அன்றே விற்றாக வேண்டும். நாள் கடந்தால் காடி. ஆதலால் அதைக் கிடங்கில் அடுக்க முடியாது. நெடுந்தொலைவு அனுப்ப முடியாது. ஆயிரக்கணக்கான தோப்புகளில், ஆயிரக்கணக்கான கைகளில் அது பிறக்கிறது. அத்தனைக்கும் வரி தண்டுவது அரசுக்குத் தொல்லை. ஆலை மதுவோ சில வாயில்களின் வழியே வெளிவருகிறது. வாயிலில் ஓர் அலுவலர் நின்றால் போதும், கடைசிச் சொட்டு வரை கணக்கு கிடைக்கும். எண்ணுவதற்கு எளியதை ஆதரிப்பதும், எண்ண முடியாததைத் தடுப்பதும் ஆட்சியாளரின் பழைய பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு அறநெறி என்று பெயர் சூட்டியதைத்தான் நாம் மறுக்கிறோம்.

கள்ளைத் தடுக்கச் சொன்னவர்கள் ஆலை முதலாளிகளே என்று சாதிக்க நம்மிடம் சான்று இல்லை. சான்றின்றிச் சாடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. ஆனால் தடையால் பயன் பெறுவோர் யார் என்று காணக் கண் போதும். வாங்குபவர் அரசு ஒருவரே. விற்பவை விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகள். எந்த ஆலையிடம் எவ்வளவு வாங்குவது என்னும் ஒரு கையெழுத்தில் கோடிகள் இடம் மாறும் இடத்தில், செல்வாக்கு தேடி ஒருவரும் வரமாட்டார் என்று நம்பச் சொல்கிறீர்களா?

அப்படி வருபவர் யாரென அறியவும் மக்களுக்கு வழி இல்லாமல் போன காலம் ஒன்று உண்டு. கட்சிகளுக்கு நிறுவனங்கள் கொடுக்கும் நன்கொடை ஆதாயத்தில் 7.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றிருந்த வரம்பு 2017இல் நீக்கப்பட்டது. 2018 முதல் தேர்தல் பத்திரம் என்னும் திரைக்குப் பின்னே பெயர் தெரியாமல் பணம் பாய்ந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கூறி நீக்கியது. கொடுத்தவன் யார் என்று அறியும் உரிமை வாக்களிப்பவனுக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. நன்கொடைக்குப் பொருந்தும் அந்நெறி கொள்முதலுக்கும் பொருந்தாதா?

எதிர்வாதத்தையும் எடைபோடுவோம். கள்ளில் கலப்படம் வரும் என்கிறார்கள். உண்மை, தெலங்கானாவில் கள்ளில் மயக்க மருந்து கலந்த கொடுமை நிகழ்ந்ததுண்டு. அதற்கு வேண்டியது ஆய்வுக்கூடமும் நேர்மையான அலுவலரும். பாலில் கலப்படம் வந்ததென்று பசுவை யாரும் தடை செய்ததில்லையே! மேலும், தடை இருந்ததால் உயிர்கள் பிழைத்தனவா? 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்கள் அன்றாடக் கூலிகள். புட்டியின் விலைக்கு எட்டாதவர்கள். மெல்லிய பானத்தைப் பறித்த சட்டம் அவர்கள் கைக்கு எட்டும்படி விட்டு வைத்தது நஞ்சை.

மது விற்பது அடிப்படை உரிமை அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஏற்கிறோம். முற்றாக விலக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. அரசியல் சட்டத்தின் 47ஆம் கூறு அதையே குறிக்கோளாக வைத்திருக்கிறது. ஆனால் விலக்கு என்றால் இரண்டுக்கும் விலக்கு. உரிமம் என்றால் இரண்டுக்கும் உரிமம். ஒன்றை விலக்கி ஒன்றைத் தானே விற்பது கொள்கை ஆகாது.

தென்னை விவசாயியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2016இல் சுருள் வெள்ளை ஈ இவ்வட்டாரத் தோப்புகளில் புகுந்தது. வேர்வாடல் நோயும் மரங்களைத் தின்கிறது. காய் தேய்ந்தபோது பாளையாவது கைகொடுக்குமே என்று அவர் கேட்டார். புளிக்காத இனிப்பு நீராவை இறக்க அரசு வழிவிட்டதே 2017இல்தான். அதற்கும் உரிமம், நிறுவனம், குளிர்பெட்டி என்று ஆயிரம் கட்டு! தன் மரத்துச் சாற்றை என்ன செய்வதென்று தேர்ந்துகொள்ளும் உரிமை மரத்தை நட்டவருக்கு இல்லை.

1920களின் தொடக்கத்தில் மதுவிலக்குக்காகத் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார். பின்னாளில் மதுவிலக்குச் சட்டம் தனிமனித உரிமையில் தலையிடுவது என்று கண்டித்தவரும் அவரே. தாம் செய்ததையே மறுபடி ஆராயும் அத்துணிவு அவர் பெயர் சொல்லும் ஆட்சிகளுக்கு வர வேண்டாமா?

தோழர்களே! ஊர்தோறும் கேளுங்கள். கள்ளுக்கும் புட்டிக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள் என்று கேளுங்கள். எந்த ஆலையிடம் எவ்வளவு வாங்கினீர்கள், அவ்வாலையார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்னும் இரு பட்டியல்களையும் ஆண்டுதோறும் அருகருகே வெளியிடச் சொல்லுங்கள். அப்பட்டியல்களைக் கண்ட பின், குடிப்பதா வேண்டாமா என்று மக்கள் தாமே முடிவு செய்வார்கள்; வேண்டாம் என்றே அவர்கள் முடிவு செய்தால் நாம் மகிழ்வோம்.

அந்தச் சிறுவனிடம் இதைத்தான் சொன்னோம்: "தம்பி, சட்டம் மரத்தைப் பார்த்து எழுதப்படவில்லை, வருவாயைப் பார்த்து எழுதப்பட்டது." அவன் சற்று நேரம் எண்ணிவிட்டு, "அப்படியானால் திருத்தி எழுதலாமே ஐயா?" என்றான். எழுதலாம், எழுதுவோம்!