கவரைப் போட்டால் கறள் வராதா?

எங்கள் ஒழுங்கையின் கிழக்கு முனையில் நின்றால் கடல் தெரியும். பாண்டிருப்பில் அப்படியான வளவுகள் நிறைய. மணல் முற்றம், இரண்டு தென்னை, ஒரு கிணறு, சுவரோரமாக ஒரு மோட்டார் சைக்கிள். போர்ட்டிகோ கட்டும் பேச்சு ஒவ்வொரு சித்திரைக்கும் எழும்பி வைகாசியில் படுத்துவிடும். ஆகவே கவர். ஏழு வருடத்தில் நான்கு வாங்கினேன். முதலாவது ஏழு மாதத்தில் சீற்றுக்கு மேலே பிளந்தது. இரண்டாவதை ஒரு நாள் கச்சான் காற்று தூக்கிப் பக்கத்து வளவு முருங்கையில் போட்டது. எடுத்தபோது அது கவராக இல்லை. மூன்றாவதுதான் கெட்டி. ரெக்சின் மாதிரித் தடிப்பு, நிலம்வரை இறங்கும், அடியில் சுற்றிவர இலாஸ்ரிக். இரண்டு வருடம் அதில் ஒரு கீறல் விழவில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் வண்டியில் கறள் ஏறியது.

கவர் பிழைத்தது, வண்டி பிழைக்கவில்லை. கல்முனைக் கடைகளில் நாம் கேட்பது ஒரே கேள்வி: "எது கனகாலம் நிக்கும்?" கடைக்காரரும் தடித்ததை எடுத்து மேசையில் போடுவார். கேள்வியே பிழை என்று விளங்க எனக்கு ஒரு முன் ஷொக்கின் விலை செலவானது.

வண்டியைப் பேணுவதில் நமக்குப் புதிதாக ஒரு கவனம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய வண்டி விலை ஏறிய ஏற்றத்தில், நிற்கிற வண்டியே சொத்தாகிவிட்டது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். ஓடிய நேரத்தைவிட மூடிக்கிடந்த நேரம் அதிகம். என் மூன்றாவது கவர் ஆட்சி செய்த காலமும் அதுதான்.

காலையில் அதைத் தூக்கினால் உள்பக்கம் இடியப்பப் பானை மூடி மாதிரி வேர்த்திருக்கும். மழை பெய்யாத நாளிலும் அப்படித்தான். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேலேயிருந்து ஒரு துளியும் வரவில்லை. மணல் முற்றம் தன்னுள் இருக்கும் ஈரத்தை இரவில் மெல்ல விடுகிறது. நிலத்தோடு ஒட்டி இறங்கிய கவர் அதை வெளியே போகவிடாமல் பிடிக்கிறது. விடியற்புறம் குளிர்ந்த உலோகத்திலும் கவரின் உள்பக்கத்திலும் அது துளியாகிறது. வெறும் ஈரமென்றால் பாதிச் சேதத்தோடு போயிருக்கும். இங்கே அதோடு உப்பு சேர்கிறது.

மாரி காலத்தில் குசினியில் உப்புப் போத்தல் கசிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் இரவுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான். வண்டியில் படிந்த உப்பும் போத்தல் உப்பு மாதிரித்தான் நடந்துகொள்ளும்: இரும்பின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம், சுற்றிவர ஒட்சிசன். கறளுக்கு வேறென்ன வேண்டும்? கடலோர அரிப்பைப் பற்றிப் பொறியியலாளர் அறிந்த ஒரு விடயம் முதலில் கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கும். மழையில் நனையும் பகுதியைவிட, மழை படாமல் உப்புக்காற்று மட்டும் படும் பகுதி விரைவாக அரிக்கக்கூடும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. மறைவான இடத்தைக் கழுவ ஒருவரும் இல்லை. கவர் போடுகிறவர் அந்த இலவசக் கழுவலை வேண்டாமென்று தள்ளுகிறார். தள்ளினால் அந்த வேலையைத் தானே செய்ய வேண்டும். அதுவும் கிணற்றுநீர் உவரென்றால் குழாய்த் தண்ணீரால்.

என் வண்டியில் கறள் முதலில் காட்டியது முன் ஷொக்கின் குரோமியக் குழாயில். ஊசிமுனை அளவு புள்ளிகள். துடைத்தால் போகும், கையால் தடவினால் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பு ஒவ்வொரு பள்ளத்திலும் ஒயில் சீலை அறுத்து, இரண்டு மாதத்தில் எண்ணெய் வழிந்து பிரேக் பக்கம் இறங்கியது. அடுத்து ஸ்போக் நுனிகள், பிறகு சைலென்சரின் ஒட்டுக்கோடு. அலுமினியப் பாகங்களில் கறள் வராது என்று நினைத்தேன். அங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது.

அப்படியானால் கவரே வேண்டாமா? சில மெக்கானிக்மார் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு, அதுவும் வருடத்தில் பாதிக்கு மட்டும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று மேற்கே வயல்பக்கமிருந்து காய்ந்து வருகிறது, வெயில் கொடுமை. ஏப்ரலிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கவரில்லாத சீற் வெடிக்கும், வெடிப்பால் உள்ளே போன தண்ணீரை ஸ்பொன்ஞ் மாதக்கணக்கில் வைத்திருக்கும். மீற்றர்க் கண்ணாடி மஞ்சளிக்கும், கேபிள் றப்பர் பிளக்கும். காக எச்சத்தின் அமிலம் டாங்கின் மினுக்கத்தைத் தின்னும். இந்த மாதங்களில் கவர் ஐயமின்றி வெல்கிறது. கார்த்திகை தொடங்கி வாடை திரும்பியதும் காற்று கடலிலிருந்து வருகிறது, உப்பையும் மழையையும் சேர்த்துக்கொண்டு. அப்போது, மூடி இறுக்கிய கவர் தோற்கிறது. ஒரே பொருளை இரண்டு காலத்துக்கும் ஒரே மாதிரிப் போட்டதுதான் என் தவறு.

இனித் துணி. சந்தையில் கிடைக்கும் மலிவான கவர்ப் பெட்டிகளில் 190ரி, 210ரி என்று இருக்கும். கொஞ்சம் விலைகூடியவற்றில் 300டி, 600டி. நான் வெகுகாலம் இவற்றை ஒரே அளவுகோலின் படிகள் என்றே எண்ணியிருந்தேன். அப்படியல்ல. 'ரி' என்பது ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை இழை என்ற எண்ணிக்கை. 'டி' என்பது டெனியர்: 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்ற நிறை. நெருக்கமாக நெய்த மெல்லிய துணியும் 'ரி'யில் பெரிய எண் காட்டும். மருதமுனையில் தறியோடு பழகியவருக்கு இது விளங்க நேரமெடுக்காது, ஒரு தலைகீழை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பருத்தி நூலில் 40ஆம் நம்பரைவிட 60ஆம் நம்பர் மெல்லியது. டெனியரில் எண் ஏற ஏற நூல் தடிக்கும். பக்கத்து ஊரில் இப்படி ஒரு நூல் அறிவு இருக்க, நாம் பெட்டியில் அச்சடித்த எண்ணை வாய்பார்த்து நிற்கிறோம்.

190ரி இந்த வெயிலில் ஒரு வருடம் தாண்டினால் அதிர்ஷ்டம். 600டி பலமானதுதான், ஆனால் நனைந்தால் காய ஒரு நாள் வேண்டும், மடித்தால் மூட்டை. பாரமான கவரை மனிதன் பத்து நாள் போடுவான், பதினோராம் நாள் சோம்பல் வரும். போடாத கவரின் பலத்தால் யாருக்கு என்ன பயன்? நெய்யாத பொலிப்புரொப்பிலீன், அதாவது துணிக்கடைகளில் இப்போது தரும் பைகளின் துணி, காற்றோட்டத்துக்கு நல்லதென்று விற்கப்படுகிறது. அந்தப் பையை மதிலில் இரண்டு மாதம் போட்டுப் பாருங்கள், கையில் பொடியாகும். என் மூன்றாவது கவர் வகையான பீவீசீயைப் பற்றி மேலே சொன்னது போதும். மிஞ்சுவது 300டி பொலியெஸ்ரர்.

அதிலும் தண்ணீரைத் தடுப்பது துணியைவிட உள்ளே பூசிய பொலியுரித்தேன் படலம். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சே சிதைந்து பிசுபிசுத்து, வெயிலில் எரிந்த முதுகுத்தோல் மாதிரி உரியும். ஆகவே கடையிலேயே கவரை விரித்து உள்பக்கத்தை நகத்தால் சுரண்ட வேண்டும். ரியூப் லைற்றுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசிக்கண் வெளிச்சங்கள் தெரிந்தால் பூச்சு சீரில்லை. வெளியே பூசிய வெள்ளி நிறம் வெயிலைத் திருப்பி அடிப்பது உண்மை, ஆனால் விரலில் ஒட்டும் வெள்ளி உங்கள் முற்றத்தில் முதல் மழையோடு போகும். ஒரு சின்னக் காந்தமும் கொண்டு போங்கள். பூட்டுப்போட வைத்திருக்கும் உலோக வளையத்தில் அது ஒட்டினால் இரும்பு. உப்புக்காற்றில் முதலில் கறள் பிடிப்பது அதுதான். பிறகு துணியிலும் கறை. பித்தளையில் காந்தம் ஒட்டாது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

தையலைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் கல்முனையில் குஷன் வேலை செய்யும் ஒருவர். பிளந்த முதலாவது கவரைக் கொண்டுபோனபோது துணியை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார்.

"தம்பி, துணி நல்லாத்தானே இரிக்கி. நூல்தான் போயிற்று. எல்லாரும் துணியப் பாத்து வாங்குறாங்க, தையல ஒருத்தரும் பாக்கிறல்ல."

"இனி என்ன செய்யலாம் காக்கா?"

"புதுசு வாங்கினா போடமுதல் இஞ்ச கொண்டாங்க. சீற்றுக்குத் தைக்கிற நூலால ஒரு ஓட்டு ஓட்டித் தாறன்."

நாலாவதை அப்படியே செய்தேன். இரட்டைத் தையல், மொத்தமான பொலியெஸ்ரர் நூல். நடுமுதுகில் நீளத்துக்குத் தையல் ஓடும் கவர்களை அவர் தொடவே விரும்பவில்லை: தண்ணீர் தேங்கும் இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தால் பூச்சு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. தையல் இரு பக்கமும் சரிவில் இறங்க வேண்டும்.

வெட்டு துணியை விட முக்கியம் என்பது என் முடிவு. கவர் சில்லுகளின் அச்சுவரை இறங்கினால் போதும். கீழே காற்று ஓட வேண்டும். நிலம்வரை மூடுகிறவர்கள் சொல்லும் எதிர்வாதம் எனக்குத் தெரியும்: செயினும் ஸ்போக்கும் உப்புக்குத் திறந்து கிடக்குமே. கிடக்கும். ஆனால் அவை தண்ணீர் அடித்து எண்ணெய் தடவக் கைக்கு எட்டும் இடங்கள். மூடிய ஈரத்துக்குக் கை எட்டாது. காற்றில் படபடக்காமல் வயிற்றுக்கடியால் ஒரு பட்டி கட்டாயம். படபடக்கும் கவருக்குள் புகுந்த கடற்கரை மணல் குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினம். டாங்கின் பெயின்ற்றில் அது செய்வது உப்புத்தாள் வேலை. சைலென்சர் ஆற அரைமணி நேரம் விடுவதும் கட்டாயம். என் கவரின் வலப்பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் உருகிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரத்தின் அவசரம்.

தறப்பாளை விட்டுவிட்டு இந்தக் கரையில் எந்த மூடியைப் பற்றியும் பேச முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பாண்டிருப்பும் மருதமுனையும் கல்முனைக்குடியும் அதன் கீழேதான் படுத்தெழும்பின. அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் உலகெங்கும் கொடுக்கும் 4க்கு 5 மீற்றர் விரிப்பில், கறுப்புப் பொலித்தீன் நாடாக்களை நெய்து இரு புறமும் படலம் ஒட்டியிருக்கும். கறுப்பு வெயிலைத் தடுக்கும். ஆட்கள் வீடு கட்டிப் போன பிறகும் அந்த மாதிரித் தறப்பாள்கள் நெல்மூட்டையிலும் விறகிலும் கிடந்தன. நாள்பட நிற்பது மட்டுமே அளவுகோலென்றால் பரிசு அதற்குத்தான். ஆனால் வண்டிமேல் நேரே போட்டால் மடிப்பு விளிம்பு காற்றில் அரத்தைப்போல டாங்கை அராவும், அடியில் வேர்க்கும். அதே தறப்பாளை நாலு கம்பு நட்டு மேலே இழுத்துக் கட்டினால் வண்டிக்கு அதைவிட மலிவான நல்ல வீடில்லை. மேலே கிடுகு போட்டால் வெக்கையும் குறையும்.

ஆகவே தீர்ப்பு இப்படி. சொந்த வளவில் இரண்டு பாகம் இடமிருப்பவர் முதற் காசைக் கவரில் போடக் கூடாது. கொட்டிலில் போட வேண்டும், தென்னைக்குக் கீழே தவிர. தேங்காய்க்கு எந்த டெனியரும் போதாது. கொட்டிலுக்குள் நிற்கும் வண்டிக்கு மலிவான மெல்லிய கவரே இரண்டு மூன்று வருடம் தாங்கும், ஏனெனில் அதைக் கொல்லும் வெயில் அதில் படாது. வாடகை வீட்டுக்காரர், சந்தையிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நாள் முழுக்க வண்டி விடுகிறவர், இவர்களுக்கு 300டி பொலியெஸ்ரர், அச்சுவரை நீளம், வயிற்றுப் பட்டி, மேலே காற்றுவழி, வாங்கிய அன்றே மறுதையல். வாடை மாதங்களில் சாரல் விட்டதும் கழற்றி வண்டிக்கு நல்ல தண்ணீர் அடித்து, காய்ந்த பிறகே மறுபடி மூட வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் அந்த மாதங்களில் சீற்றை மட்டும் மூடிவிட்டு மற்றதை மழைக்கு விடுவது, முழுதாக மூடி வைப்பதைவிட நல்லது. மணலில் நிறுத்துவதைவிட அடியில் நாலு சீமெந்துக் கல் போட்டு நிறுத்துவது எந்தக் கவரையும்விடப் பெரிய மாற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு அது தெரிய ஆறு வருடம் எடுத்தது.

ஒரு இடத்தில் என் தீர்ப்பு தளர்கிறது. வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகிறது, ஆள் மத்திய கிழக்குக்குப் போகிறார் என்றால், திறந்த வெளியில் எந்தக் கவரும் சரிவராது. கழற்றிக் காயவிட ஒருவர் இல்லாத கவருக்குள் இரண்டு வாடை கடந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றை ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் ஏற்றிவிடுவதே வழி.

நாலாவது கவருக்கு இப்போது மூன்று வருடம் முடிகிறது. வெள்ளி மங்கிவிட்டது, உருகிய ஓட்டைக்கு ரியூப் துண்டு ஒட்டியிருக்கிறேன். அந்த மூன்றாவது கவரை அம்மா விறகடுக்குக்குப் போட்டிருக்கிறா. இந்த மாரியிலும் அதில் ஒரு கீறல் இல்லை. அடியிலிருக்கும் விறகுதான் எரியமாட்டேன் என்று புகைக்கிறது.