கன்பூசியசும் றப்பர்ப் பாலும்

சீனத்தின் வெளிநாட்டுக் கொள்கையை ஆராயும் கட்டுரைகள் பல இன்று கன்பூசியசின் பெயரோடு தொடங்கி அப்பெயரோடே முடிகின்றன. ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைமையான அறநெறியே பீஜிங்கின் இராஜதந்திரத்தை இயக்குகிறது என்பது அவற்றின் முடிபு. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் இவற்றைப் பயிலும் மாணவர், நம் நாட்டு வரலாற்றையே உரைகல்லாகக் கொண்டு இம்முடிபை உரசிப் பார்த்தல் வேண்டும்.

1952 டிசம்பரில் இலங்கையும் சீனமும் றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தன. ஐந்தாண்டுக் காலம், ஆண்டுதோறும் 50,000 தொன் றப்பருக்கு 270,000 தொன் அரிசி. கொழும்பில் ஆண்டதோ பொதுவுடைமையை வெறுத்த டட்லி சேனாநாயக்கா அரசு. தூதரக உறவும் 1957இலேயே ஏற்பட்டது. பின், இவ்விருவரையும் இணைத்தது எது? கன்பூசியஸ் போதித்த பரஸ்பர நெறி என்பர் சிலர். கொரிய யுத்தத்தின்போது, 1951இல், ஐக்கிய நாடுகள் சபை பரிந்துரைத்த வணிகத் தடையால் சீனத்துக்கு றப்பர் அரிதாயிற்று. அரிசி விலை ஏற, றப்பர் விலை வீழ, இலங்கை திகைத்து நின்றது. இரு தேவைகள் சந்தித்தன, அவ்வளவே.

மரபே கொள்கையின் ஊற்றாயின், மரபு இகழப்பட்ட காலத்தில் கொள்கையும் மாறியிருக்க வேண்டுமன்றோ? 1974இல் சீனமெங்கும் கன்பூசியஸ் எதிர்ப்பு இயக்கம் நடந்தது. றப்பர்–அரிசி வணிகம் தொடர்ந்தது. 2004 முதல் அதே அரசு அவர் பெயராலேயே உலகெங்கும் கல்வி நிலையங்களை நிறுவலாயிற்று. மரபு அரசுக்கு மொழியைத் தருகிறது. திசையைத் தருவது தேவையே.

எனினும் மரபை நாம் ஒதுக்கவேண்டியதில்லை. அரசனுக்கு முன்னே மக்களை வைத்தவர் சீன அறிஞர் மென்சியஸ். அந்த அளவுகோலால் 1952ஐ அளப்போம். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் பால் வெட்டியோருள் பெருந்தொகையினர் இந்திய வம்சாவளித் தமிழர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால், நம் தேயிலை மலைத் தொழிலாளரைப் போலவே அவர்களுள்ளும் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர்; 1952 தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. அவர்கள் வெட்டிய பால் கடல் கடந்தது. அவர்கள் குரல் தோட்ட எல்லையைக் கடக்கவில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களையே இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000 எனப் பங்கிட்டபோதும் அவர்களைக் கேட்பாரில்லை.

ஆகவே, ஞானியின் பெயரைக் கற்பிப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. யார் உழைப்பு வெளியே போயிற்று, யார் பசி தணிந்தது, யாரைக் கேளாமல் கையொப்பம் விழுந்தது என்னும் வினாக்களை மாணவர்க்குப் பழக்குவதும் ஆசிரியர் கடனே.