தரையைக் கரைக்கும் விசை

ஸ்டெல்லேரியம் என்ற கோளரங்க மென்பொருளைத் திறந்ததும் நான் முதலில் தட்டுவது 'ஏ' விசையை. காற்றுமண்டலம் விலகி, நண்பகலிலும் சூரியனைச் சுற்றி விண்மீன்கள் தெரியும். அடுத்து 'ஜி'. காலடித் தரை மறைந்துவிடும். நமக்குக் கீழேயும் வானம் விரிந்திருப்பதைக் கண்ணாரக் காணலாம்.

பிரெஞ்சு நிரலாளர் ஃபேபியன் ஷெரோ 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. நிறுவியவுடனேயே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் கைக்கு வந்துவிடுகின்றன. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் பொறுமையாக அளந்து பதிவுசெய்த எண்கள் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது, இதில் காலத்தை நகர்த்துவது. ஆண்டை கி.மு. 2800க்கு மாற்றினால், வானின் வடதுருவத்தருகே இன்றைய துருவ நட்சத்திரம் இருக்காது, தூபன் என்ற விண்மீன் நிற்கும். கி.பி. 14000க்குத் தள்ளினால், அபிஜித் விண்மீன் அந்தத் துருவத்தின் பக்கம் நெருங்கியிருக்கும். பூமியின் அச்சு, தள்ளாடும் பம்பரம்போல ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் ஒரு வட்டம் போடுகிறது என்று பள்ளியில் படித்தேன். திரையில் வானம் நகர்ந்தபோதுதான் அது மனதில் இறங்கியது.

பார்த்து முடித்ததும் மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்கத் தோன்றும். ஒரு கருவிக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்!