ஓடி அறிதல்

ராபர்ட் பிர்சிக்கின் ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ (1974) பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதில் மோட்டார் சைக்கிள் வரும் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தரம் என்பது என்ன, கிரேக்கச் சிந்தனை எந்த இடத்தில் வழி மாறிற்று, அறிகிறவனும் அறியப்படுவதும் எப்போது இரண்டாயின, இவைதான் அவர்களுக்கு விஷயம். திருகு, ஸ்பானர், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் தத்துவ மாடிக்குப் போகிற படிக்கட்டு. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. அந்தப் புத்தகத்தில் எழுத்து என்று நிற்பவை திருகைப் பற்றிய பக்கங்கள்தாம். பக்கவாட்டு மூடியில் ஒரு திருகு இறுகிப்போய், தலையும் தேய்ந்து, வர மறுக்கிறது. அந்தக் கணத்தில் அந்த அற்பத் திருகு முழு வண்டியின் விலையைப் பெற்றுவிடுகிறது என்று பிர்சிக் காட்டும் இடத்தில் சிந்தனை விரல் நுனியில் நடக்கிறது. சகபயணி ஜானின் பி.எம்.டபிள்யூ வண்டியில் ஹாண்டில்பார் தளர்ந்து நழுவுகிறது. பீர் டப்பாவிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை வெட்டி இடையில் செருகலாம் என்கிறார் இவர். இத்தனை விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் வண்டிக்குப் பீர் டப்பாவா என்று நண்பரின் முகம் மாறிவிடுகிறது. இரண்டு மனிதர்கள், இரண்டு உலகப் பார்வைகள், ஒரு தகரத் துண்டு. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் பிர்சிக் விளக்குகிறார். பக்கம் பக்கமாக விளக்குகிறார்.

குறை விளக்கத்தோடு நிற்கவில்லை. 1968இல் மின்னியாபொலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை மகனைப் பின்னால் உட்காரவைத்து அவர் ஓட்டிய ஹோண்டா 1966ஆம் வருஷத்து வண்டி. சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி. அது நடுவழியில் தன்னைக் கைவிட்டுவிடும் என்ற பயம் புத்தகத்தில் எங்கும் உயிருள்ள பயமாக இல்லை. கைவிடக் காத்திருப்பது அவருடைய மனம். ஏற்கெனவே ஒருமுறை சிதறிப்போன மனம் அது. புத்தகத்தின் அபாயமெல்லாம் அங்கேதான். ஆகவே வண்டி எத்தனை அக்கறையோடு வர்ணிக்கப்பட்டாலும் கடைசியில் ஓர் உதாரணமாகவே மிஞ்சுகிறது. எதிர்த்துப் பேசாத உதாரணத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபித்துவிடலாம்.

எதிர்த்துப் பேசுகிற இயந்திரம் என்றால் எழுத்தும் அனுபவமும் என்ன ஆகும்? இதற்குப் பதில் தேடினால் பிர்சிக்கின் பரம்பரையை விட்டு வேறு ஒரு கூட்டத்திடம் போக வேண்டியிருக்கிறது. 2010 செப்டம்பரில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ரைட் சகோதரர்கள் பறந்த கிட்டி ஹாக்கில், 40க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. எல்லாம் 1916க்கு முன் செய்யப்பட்டவை. போகவேண்டிய இடம் மேற்குக் கரையிலுள்ள சாண்டா மோனிகா, ஏறக்குறைய 3,300 மைல். 1914இல் சான் டியேகோவிலிருந்து நியூயார்க்குக்கு இந்தியன் வண்டியில் 11 நாள் 12 மணி 10 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்த எர்வின் பேக்கரின் பட்டப்பெயரைச் சூட்டி, இதற்குக் கேனன்பால் என்று பெயர் வைத்தார்கள். பிறகும் சில வருஷங்களுக்கு ஒருமுறை, பாதையையும் வண்டிகளின் வயது வரம்பையும் மாற்றி மாற்றி, இந்த ஓட்டம் நடந்திருக்கிறது. 2018இல் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லாண்டிலிருந்து ஆரகன் மாநிலத்துப் போர்ட்லாண்டுக்கு. வேகத்துக்குப் பரிசில்லை. குறித்த நேரத்துக்குள் வண்டி தன் சக்தியால் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு புள்ளி. நின்றுபோனால் பின்னால் வரும் டிரெய்லரில் ஏற்றிக்கொள்ளலாம், மறுநாள் காலை மறுபடி கிளம்பலாம். ஆனால் ஏற்றிச் சென்ற மைல் கணக்கில் சேராது. புள்ளிகள் சமமானால் சிறிய இயந்திரத்துக்கும், அதன்பின் பழைய வண்டிக்கும், அதன்பின் வயதான ஓட்டுநருக்கும் முன்னுரிமை. எல்லா மைலையும் முடிக்கிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான்.

அந்தக் காலத்து இயந்திரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இன்றைய இயந்திரத்தில்போல அதில் எண்ணெய் உள்ளேயே சுற்றி வருவதில்லை. தொட்டியிலிருந்து இறங்கி, உறுப்புகளை நனைத்து, எரிந்தும் கசிந்தும் வெளியே போய்விடும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைப் பல வண்டிகளில் ஓட்டுகிறவனே ஒரு கைப்பம்பினால் தீர்மானிக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக்கில் கரி படிந்து பொறி விழாது. அளவு காட்டும் முள் எதுவும் கிடையாது. பின்னால் எழும் புகையின் நிறம், கால்களுக்கிடையில் ஏறும் சூடு, ஓசையில் சேரும் ஒரு கரகரப்பு, இவைதான் முள். பொறி எப்போது விழ வேண்டும் என்பதும் கையில்தான் இருக்கிறது. மேடேறும்போது அதைத் தாமதப்படுத்த வேண்டும், சமதரையில் வேகம் பிடித்ததும் முன்னால் தள்ள வேண்டும். வால்வுகளை இயக்கும் தண்டுகள் மூடி இல்லாமல் வெளியே கிடந்து சாலைப் புழுதியைத் தின்கின்றன. பல வண்டிகளில் ஒரே கியர். முன் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை. பின் சக்கரத்தில் இருப்பதையும் நம்பி இறங்க முடியாது. ஒரு மலைச்சாலையில் ஏறும்போதே இறக்கத்தை யோசிக்க வேண்டும். இத்தனை வேலையும் ஒரே சமயத்தில், நாளெல்லாம், கைகள் அதிர்ந்துகொண்டிருக்க.

இது வாசிப்பு. இயந்திரத்தைச் செய்தவன் எதை நினைத்துச் செய்தான், அவன் கண்முன் எந்தச் சாலை இருந்தது, எதை ஓட்டுகிறவனின் கைக்கு விட்டுவைத்தான் என்பதெல்லாம் காட்சிக் கூடத்துக் கண்ணாடி வழியே தெரிகிற விஷயங்கள் அல்ல. நூறாவது மைலில் தெரியும், ஆயிரமாவது மைலில் வேறு மாதிரி தெரியும். பழசை அறிய இரண்டு வழி உண்டு, பாதுகாப்பது ஒன்று, பயன்படுத்துவது ஒன்று. நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். முத்திரை போட்டுப் பெட்டகத்தில் வைத்த சங்கிலியின் எடை எத்தனை வருஷமானாலும் குறைவதில்லை. கழுத்தில் கிடந்த சங்கிலி தேய்ந்து வருகிறது. வங்கிக்கு முதலாவதுதான் சௌகரியம். பிர்சிக்கின் ஹோண்டா இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2024இல் காட்சிக்கு வைத்தார்கள். பராமரிப்பை ஒரு வாழ்க்கை நெறியாகவே எழுதியவரின் வண்டியை இனி யாரும் கிளப்பப்போவதில்லை. அதைவிட ஐம்பது வருஷம் மூத்த வண்டிகள் மலை ஏறிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும், வரவேண்டியதுதான். இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. பழைய வண்டியின் விலை, உதிரிப்பாகம், பின்தொடரும் மெக்கானிக், இரவுக்கு ஹோட்டல். உண்மை. 1915இல் அந்த வண்டியை வாங்கியவர்களில் காரை நினைத்துப் பார்க்க முடியாதவர்கள் இருந்தார்கள். இன்று அதே வண்டியை வைத்திருப்பவன் நாலு காரும் வைத்திருக்கலாம். பழமை மோகம் என்ற நோய் இதில் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தோல் கெய்ட்டரும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் டிரெய்லர் மைலுக்குப் புள்ளி இல்லை என்ற அந்த ஒரு விதி பாசாங்கைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ராத்திரி ஹோட்டல் வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைக் கழற்றுகிறவனுக்கு மோகம் ரொம்ப நேரம் தாங்காது. நம்முடைய இலக்கியச் சூழலில் மரபைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் தேவலை. முன்னோர் சுமந்து வந்த தூரத்தையெல்லாம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறவர்கள் இங்கே அதிகம்.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. பிஸ்டன் புதிது, டயர் புதிது, சக்கரத்தின் கம்பிகள் புதிது, எத்தனையோ பாகங்களைப் பட்டறையில் அளவெடுத்துக் கடைந்து போட்டிருக்கிறார்கள். பிறகு எது பழைய வண்டி? ஏடு தெரிந்தவர்களுக்கு இது புதிரே இல்லை. ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதால்தான் பழைய பாட்டு நம் கைக்கு வந்தது. பெயர்த்தெழுதியவர் பிழையும் விட்டிருப்பார். அந்தப் பிழையும் அது ஓடி வந்த சாலையின் தடம்தான்.

ஜார்ஜ் வைமனிடம் வருகிறேன். 1903 மே 16, சான் பிரான்சிஸ்கோ. ஒண்ணேகால் குதிரைத்திறன் இயந்திரத்தைச் சட்டத்தில் பொருத்திய ஒரு சைக்கிள், சக்கரத்தைச் சுழற்றத் தோல் பெல்ட். அன்றைக்கு அது புது வண்டிதான். ஆனால் அந்தத் தூரத்துக்கு முன்னால் பிறக்கும்போதே கிழடு. சாலை இல்லாத இடங்களில் அவர் ரயில் பாதையில் ஏறிக் கட்டைகள்மேல் ஓட்டினார். சியெரா நெவாடா மலையில், பனியைத் தடுக்கத் தண்டவாளத்தின்மேல் போட்டிருந்த மரக் கொட்டகைகளுக்குள் புகுந்து போனார். இல்லினாய்ஸில் கிராங்க் உடைந்தது. சிகாகோவில் புதியது வரும்வரை காத்திருந்தார். ஆல்பனியை நெருங்கியபோது இயந்திரம் அநேகமாகச் செத்துவிட்டது. மிச்சமிருந்த 150 மைலைப் பெடல் மிதித்தே கடந்து ஜூலை 6 அன்று நியூயார்க் சேர்ந்தார். மோட்டார் வாகனத்தில் அந்தத் தேசத்தைக் குறுக்கே கடந்த முதல் மனிதர். 20 நாள் கழித்து வின்டன் காரில், ஒரு மெக்கானிக்கோடும் ஒரு நாயோடும் வந்து சேர்ந்த ஹொரேஷியோ ஜாக்ஸனுக்குத்தான் பெயர் கிடைத்தது, நூறாவது வருஷத்தில் ஆவணப்படமும் கிடைத்தது.

வைமன் தன் பயணத்தை அந்த வருஷமே ஒரு மோட்டார் சைக்கிள் பத்திரிகையில் தொடராக எழுதினார். அதை இலக்கியம் என்று யாரும் சொன்னதில்லை, அவரும் அப்படி நினைத்து எழுதவில்லை. எங்கே எது உடைந்தது, எதைக் கொண்டு கட்டினேன், அன்று எத்தனை மைல். நிலக்காட்சியைப் பற்றி நினைக்கவே முடியாதபடி பாதை உலுக்குகிறது என்றால் வாக்கியமும் உலுக்குகிறது. தன்னைப் பற்றிப் பேச இயந்திரம் அவருக்கு அவகாசம் தரவில்லை. இந்த நிர்ப்பந்தம்தான் அந்த உரைநடைக்குக் கிடைத்த ஒழுக்கம். பிர்சிக்குக் கிடைத்த அவகாசம் அதிகம்; அது அவருடைய எழுத்தை வளர்த்த அளவுக்குக் கெடுக்கவும் செய்தது. புத்தி வீச்சில் வைமன் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு பொருளின் முன்னால் எழுத்து எப்படிப் பணிய வேண்டும் என்பதில் நிற்க முடியும்.

சே குவேராவின் ‘மோட்டார் சைக்கிள் நாட்குறிப்புகள்’ மூன்றாவது வகை. 1952இல் அவரும் அல்பெர்ட்டோ கிரனாடோவும் ஓட்டியது 1939ஆம் வருஷத்து 500 சி.சி. நார்ட்டன். பெயர் மட்டும் வலிமையானவள் என்று. விழுந்து எழுந்து, கம்பி போட்டுக் கட்டி, சிலியில் முற்றிலும் படுத்துவிட்டது. அதுவரை புத்தகம் இரண்டு பையன்களின் உல்லாசம், வண்டியின்மேல் உட்கார்ந்து பார்க்கிற உலகம். வண்டி செத்த பிறகு கால்நடை, லாரியில் இரந்து பெற்ற இடம், சுக்கிகமாத்தா தாமிரச் சுரங்கம் போகும் வழியில் பாலைவனக் குளிரில் போர்வை இல்லாமல் ஒடுங்கிய கம்யூனிஸ்ட் தொழிலாளியும் மனைவியும். தலைப்பில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. புத்தகம் பிறந்தது அது நின்ற இடத்தில். நல்ல வண்டி கிடைத்திருந்தால் அந்தத் தம்பதியைப் புழுதி கிளப்பித் தாண்டிப் போயிருப்பார்கள்.

பழைய இயந்திரத்தின்மேல் உள்ள பிரியத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஓட்டியவரை மறந்து வண்டியைக் கும்பிடுவது. 1916 ஜூலையில் அடிலைன், அகஸ்டா வான் பியூரன் என்ற சகோதரிகள் புரூக்ளினிலிருந்து ஆளுக்கொரு இந்தியன் பவர்பிளஸ் வண்டியில் கிளம்பினார்கள். யுத்தம் வந்தால் பெண்கள் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் வேலை செய்யலாம் என்று காட்டுவது நோக்கம். ஆண்களின் உடையை அணிந்ததற்காக வழியில் சிறு ஊர்களில் போலீஸ் பிடித்தது. 14,000 அடிக்கு மேலுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஓட்டி ஏறினார்கள். சால்ட் லேக் நகரத்துக்கு மேற்கே பாலைவனத்தில் வழி தவறித் தண்ணீர் தீர்ந்தது. தாது தேடி அலைந்துகொண்டிருந்த ஒருவர் வந்து காப்பாற்றினார். செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் சேர்ந்தார்கள். அக்காலத்துப் பெரிய மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்று வண்டியைப் புகழ்ந்தது. பயணத்தை விடுமுறைச் சுற்றுலா என்று எழுதியது. ராணுவ வேலைக்கு அடிலைன் போட்ட மனு நிராகரிக்கப்பட்டது. அவர் சட்டம் படித்து வழக்கறிஞரானார். அகஸ்டா விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.