வெள்ளோட்டப் படங்கள் எங்கே?

புதுச்சேரியின் வில்லியனூருக்குக் கடல் கிடையாது, தேர் உண்டு. வைகாசிப் பெருவிழாவில் திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து பிடித்தார். அந்த வழக்கப்படி இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுவதற்கு முன் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். புதுப் படகைக் கடலில் இறக்கி ஓட்டிப் பார்ப்பதற்கும் அதே பெயர்தான். தேருக்கும் கலத்துக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது. ஆனால் தேரோட்டத்தின் பழைய படம் கேட்டால் நாலு வீட்டில் எடுத்துத் தருவார்கள். படகின் வெள்ளோட்டப் படம் கேட்டால் யோசிப்பார்கள்.

புதுச்சேரிக் கரையின் படகுகளைப் பற்றிய பழைய படங்களைத் தேடிப் போகிறவர்கள் முதலில் பிரான்சுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் ஆவணக்காப்பகம் இருக்கிறது. பாரிசின் தேசிய நூலகம் தன் சேகரிப்பில் ஒரு பகுதியை இணையத்திலேயே திறந்து வைத்திருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னைக் கரையின் படங்கள் உள்ளன. இவற்றைப் பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்துகிறது. படகு இருக்கிறது, பயணி இருக்கிறார், அலை இருக்கிறது. படகைச் செய்தவர் கண்ணில் படுவதே அபூர்வம்.

கேமராவுக்கு முந்தைய பதிவுகளில் இந்தக் குறை இவ்வளவு இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை கப்பல் வந்ததையும் போனதையும் நாள்தோறும் சொல்கிறது. ஆனந்தப்புரவி என்ற சொந்தக் கப்பலே அவருக்கு இருந்தது. அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி வந்தார். 1829–32இல் ‘ஃபேவரிட்’ கப்பலில் உலகைச் சுற்றியபோது நம் கரையையும் தொட்டுப் போனவர் அவர். போன இடமெல்லாம் உள்ளூர்க் கலங்களை அளவெடுத்து, வெட்டுத்தோற்றத்தோடு வரைந்தார். ஐரோப்பியரல்லாத மக்களின் கப்பல் கட்டும் முறை பற்றிய அவருடைய பெரும் நூல் 1841–43இல் வெளிவந்தது. புகைப்படக் கலை 1839இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது என்பதையும் இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணும் அளவுகோலும் கொண்டு ஒருவர் வரைந்ததை, அதற்குப் பின் வந்த கேமரா பல்லாண்டுகள் எட்டிப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

அதற்குக் காரணம் உண்டு. அன்றைய ஈரத்தகடு முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். உப்புக் காற்றும் மணலும் அடிக்கும் கடற்கரையில் கூடாரம் போட்டு, இருட்டறை அமைத்து, சில நிமிடங்களுக்குள் இவ்வளவையும் முடிக்க வேண்டும். தகட்டில் ஒளி பதியச் சில வினாடிகள் ஆகும். அதற்குள் அலையும் ஆளும் அசைந்து கலங்கிப் போவார்கள். அதனால்தான் ஆரம்பகாலப் படங்களில் படகுகள் மணலில் சும்மா கிடக்கின்றன, பக்கத்தில் ஆட்கள் சிலைபோல் நிற்கிறார்கள். உலர்தகடு பரவிய பிறகுதான் அலையில் ஏறும் படகைப் படமாக்க முடிந்தது. சென்னையில் நிக்கலஸ், பிறகு வீலே அண்ட் கிளைன் போன்ற ஸ்டுடியோக்கள் மசூலாப் படகையும் கட்டுமரத்தையும் விற்பனைப் படங்களாக்கின. 1900க்குப் பிறகு தபால் அட்டைகள் வந்து அந்தக் காட்சிகளை உலகெங்கும் கொண்டுபோயின.

புதுச்சேரித் தபால் அட்டைகளில் சலங்கு வருகிறது. சென்னையில் மசூலா என்று சொல்லப்பட்ட படகுக்கு இங்கே சலங்கு என்று பெயர். பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘ஷெலாங்க்’ ஆனது. இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லாததால் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிட்டன. 1866இல் இரும்புக் கடற்பாலம் கட்டிய பிறகும் ஆளையும் சரக்கையும் கப்பலிலிருந்து பாலத்தடிக்குக் கொண்டுவந்தவை சலங்குகளே. அந்தப் பாலம் படமெடுப்பவர்களுக்கும் நல்ல மேடையாக அமைந்தது. அதன்மேல் நின்று கீழே பார்த்தால் படகின் வயிறு முழுக்கத் தெரியும்.

அப்படியொரு படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் கோடு நேராக ஓடாமல் புள்ளிபுள்ளியாகப் போகும். அவை தையல்கள். இரண்டு பலகைகளின் ஓரத்திலும் துளையிட்டு, நடுவில் நார்த்திரணை வைத்து, தென்னைக் கயிற்றால் இறுக்கித் தைத்திருப்பார்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, உள்ளே வங்குக் கால்களும் கிடையாது. ஆணியடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு இந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்துக் கரையேறும். துடுப்புகளையும் கவனியுங்கள்: நீண்ட கழியின் நுனியில் வட்டப் பலகை கட்டப்பட்டிருக்கும். பின்னால் சுக்கான் துடுப்போடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அட்டையின் அடியில் படகின் பெயரும் ஊரின் பெயரும் அச்சாகியிருக்கும். தைத்தவர் யார், எந்தக் குப்பத்தில் தைத்தார் என்பதை எந்த அச்சகமும் கேட்டதில்லை.

கட்டும் தொழிலைத் தனியாகக் கவனித்தவர்களில் ஜேம்ஸ் ஹார்னெல் முக்கியமானவர். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்தவர். இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றிய அவருடைய ஆய்வைக் கல்கத்தா ஆசியவியல் கழகம் 1920இல் வெளியிட்டது. கட்டுமரத்தில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டை அவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நம் மொழியிலேயே கப்பல் சாத்திரம் என்று ஒரு சுவடி உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அதை 1950இல் அச்சிட்டது. எந்த மரம் ஆகும், என்ன அளவு ஆகும் என்று பேசும் சுவடி அது. படத்தையும் சுவடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும்.

பெரிய கப்பல்களின் கதை வேறு. 1948 மார்ச் 14 அன்று விசாகப்பட்டினத்தில் சிந்தியா கப்பல் கட்டும் தளத்தில் நேரு ‘ஜல உஷா’வை நீரில் இறக்கியபோது கேமராக்கள் காத்திருந்தன. தலைவர் வந்தால் படம் வரும். வல்வெட்டித்துறையின் அன்னபூரணிக்கு அந்தக் கொடுப்பினை கடல் தாண்டித்தான் கிடைத்தது. 1930 வாக்கில் யாழ்ப்பாணத்து ஓடாவிகள் கட்டிய பாய்க்கப்பல் அது. அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் கால்வாய் வழியாக ஓட்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அங்கே அது செய்தியானது. செய்து முடித்த கப்பலும் ஓட்டிய கைகளும் அந்த ஊரின் கண்ணில் பட்டன. பலகை சீவிய கைகள் வல்வெட்டித்துறையிலேயே நின்றுவிட்டன.

இனி புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வருகிறேன். நரம்பை, பனித்திட்டு, புதுக்குப்பம், மூர்த்திக்குப்பம் என்று பாகூர் கொம்யூனுக்கும் கடற்கரை உண்டு. வயலும் ஏரியும்தான் பாகூர் என்று நினைப்பவர்கள் இந்த ஊர்களை மறந்துவிடுகிறார்கள். மீனவர் பேச்சில் கட்டுமரம் வெறும் ‘மரம்’தான். மிதப்பான மரத்தை வாங்கி, கோடாலியால் பிளந்து, வாச்சியால் செதுக்கி, மூக்கு வளைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். பழைய படங்கள் பலவற்றில் மணலில் சிதறிக் கிடக்கும் மரங்களைப் பார்த்து உடைந்த படகு என்று குறிப்பு எழுதிவிடக் கூடாது. அது காய்ந்துகொண்டிருக்கும் கட்டுமரமாகவே பெரும்பாலும் இருக்கும். மறுநாள் விடியுமுன் மறுபடி கட்டி இறக்குவார்கள். கட்டுமரத்தைப் பொறுத்தவரை படகு கட்டுவது தினசரி வேலை.

அந்த மரம் கரையிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது. ஃபைபர் போட் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தது. ஃபைபர் போட் அச்சில் வார்க்கப்படுவது, ஒன்றைப்போல் ஒன்று. கடலூர் முதுநகர்ப் பக்கம் மரத்தில் விசைப்படகு கட்டும் ஆசாரிகள் இருந்தார்கள். அந்தக் கைகளும் குறைந்து வருகின்றன. இதற்கிடையே 2025 மே 21 அன்று கார்வாரில் ‘கௌண்டின்யா’ என்ற தைத்த கப்பல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, கேரளத்து ஆசாரிகள் தென்னைக் கயிற்றால் தைத்தது. அந்தத் தையல் வேலை படமாகியிருக்கிறது. மனம் நிறைகிறது. அதே நேரத்தில், நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கேயே சலங்கு தைத்தவரின் ஒரு படமாவது கையில் இருந்திருந்தால் என்ற ஏக்கமும் வருகிறது.

கல்யாண ஆல்பங்களின் கடைசிப் பக்கங்களில் சில நேரம் படகு செய்தவரின் படம் ஒளிந்திருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த ஸ்டுடியோக்காரரிடம் ஃபிலிம் மிச்சமிருந்தால் புதுப் படகுக்கு மாலை போட்டு ஒரு படம் எடுத்திருப்பார்கள். மஞ்சள் பூசிய அணியம், உடைத்த தேங்காய், வேட்டியை மடித்துக் கட்டிய ஆசாரி, தள்ளுவதற்குத் தோள் கொடுத்து நிற்கும் இளைஞர்கள். இப்படிப்பட்ட படங்களே படகு கட்டும் தொழிலின் மெய்யான சேகரிப்பு என்பது என் முடிவு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகம், புதுச்சேரியின் பழைய ஸ்டுடியோப் படங்களைக் கணினியில் ஏற்றி வழிகாட்டியிருக்கிறது. அதே பணி கடலோர வீடுகளுக்கும் வர வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் ஃபோனில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: ஊர், ஆண்டு, படகின் பெயர், அதைச் செய்த ஆசாரியின் பெயர். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். தாத்தாவிடமோ பெரியப்பாவிடமோ அந்தப் பெயரை இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.