பணியும் பதவியும்: திருச்சபை வழிபாட்டில் பெண்டிர்

பணி என்பது செய்யப்படுவது. பதவி என்பது வழங்கப்படுவது. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தல் முறை. ஆயினும், பணி ஒருவர் கையிலும் அதற்குரிய பெயர் மற்றொருவரிடத்தும் இருக்கும் நிலை உலகில் அரிதன்று. தொன்மை மரபுடைய கிறித்துவத் திருச்சபைகளின் பொதுவழிபாட்டில் பெண்டிர்க்குரிய இடத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் காண்பது இப்பிளவையே. பெண்கள் வழிபாட்டில் பங்குபெறலாமா என்று பலர் வினவுவர். அவர்கள் என்றும் பங்குபெற்றே வந்துள்ளனர். அப்பங்கிற்குப் பெயர் சூட்டத் திருச்சபை ஏன் தயங்கிற்று என்பதே திறனாய்வுக்குரிய வினா.

மூலநூலிலிருந்தே தொடங்குவோம். பவுலடியார் உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தில் கெங்கிரேயா ஊர்ச் சபையைச் சேர்ந்த பெபேயாள் என்னும் பெண்மணி குறிக்கப்படுகிறார். அவரைச் சுட்டும் கிரேக்கச் சொல் 'தியாக்கொனொஸ்' என்பது. தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் வேதாகமம் இதனை 'ஊழியக்காரி' என்று பெயர்க்கிறது. அதே சொல் பிலிப்பியர் திருமுகத்தின் தொடக்கத்தில் பன்மையில் வருங்கால், கண்காணிகளுக்கு அடுத்த நிலையினராகிய 'உதவிக்காரர்' என்னும் பதவிப் பெயராகின்றது. பவுலடியார் தம்மையே அச்சொல்லால் குறிக்குமிடத்தில் 'ஊழியக்காரன்' என்றும் வருதலின், மொழிபெயர்ப்பாளர் பெண்ணைத் தாழ்த்தினர் என்று பழித்தல் நேர்மையாகாது. ஆயினும் விளைவு ஒன்றுண்டு. தமிழ்மொழி வழியே படிப்பவர், பிலிப்பியிலிருந்தோர் பதவியாளர் என்றும், பெபேயாள் தொண்டு செய்தவர் என்றும் கொள்வர். மூலத்தில் ஒன்றாயிருந்த சொல், பெயர்ப்பில் இரண்டாயிற்று.

பெண்கள் சபையில் பேசலாகாது என்பார் காட்டும் சான்று, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரம். ஆனால் அதே திருமுகத்தின் 11ஆம் அதிகாரம், செபிக்கும் பெண்ணும் இறைவாக்குரைக்கும் பெண்ணும் தலையை எவ்வாறு மூடிக்கொள்ளல் வேண்டும் என்று விதிக்கின்றது. பேசவே கூடாதவர்க்குப் பேசும் முறையை வகுத்தல் பொருந்துமா? ஒரு நூலின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பவைத்துப் பொருள் காணல் உரையாசிரியர் மரபு. அம்மரபில் பயின்றோர் 14ஆம் அதிகாரத்தைத் தனித்தெடுத்துச் சட்டமாக்க ஒருப்படார்.

தமிழகத்து வரலாறும் இப்பிளவுக்குச் சான்று பகர்கின்றது. தஞ்சையிலிருந்து வந்த பிராமண விதவையாகிய குளோரிந்தா அம்மையார் 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன, முதற்பெயர் அவருடையதே. அவர் முயற்சியால் எழுந்த கோயில் 1785இல் அர்ப்பணிக்கப்பெற்றது. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் அதுவே. ஆயினும் அச்சபையை நடத்தச் சத்தியநாதன் என்னும் உபதேசியார் அனுப்பப்பெற்றார். 1790இல் அவர் குருப்பட்டமும் பெற்றார். கோயில் எழுப்பியவர் பெண். பட்டம் பெற்றவர் ஆண். சத்தியநாதனார் தகுதியுடையவர் என்பதில் ஐயமில்லை. அம்மையாரின் தகுதியை எடைபோடும் தராசே அக்காலத்தில் இல்லை என்பதுதான் குறை. மக்களோ அக்கோயிலைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே வழங்கலாயினர். ஏடு வழங்காத பெயரை நா வழங்கிற்று.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் முதன்முதலாக ஒரு பெண் குருப்பட்டம் பெற்றது 1976இல். பாளையங்கோட்டைக் கோயில் எழுந்து 191 ஆண்டுகள் அதற்குள் சென்றிருந்தன. 2013இல் புஷ்பலலிதா அம்மையார் ஆந்திரத்து நந்தியால் திருமண்டலத்திற்குப் பேராயராகி, அத்திருச்சபையின் முதற்பெண் பேராயர் ஆனார்.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆவணங்களை வரிசைப்படுத்தி நோக்கின் இவ்வுண்மை இன்னும் துலங்கும். 1903இல் திருத்தந்தை பத்தாம் பயசு, ஆலயப் பாடகர் குழு வழிபாட்டுப் பதவி என்றும், ஆதலின் பெண்கள் அதில் இடம்பெறலாகாது என்றும் விதித்தார். உச்சக்குரல் வேண்டுமிடத்துச் சிறுவரைப் பாடச் செய்க என்றார். பாடுதல் பெண்ணால் இயலாது என்பது அவர் வாதமன்று. பாடுதலுக்குப் பதவி என்னும் பெயர் வந்ததும் பெண் விலக்கப்பட்டாள். அத்தடை பின்னர்த் தளர்ந்தது. 1970இல், நற்செய்தி நீங்கலான மறைநூற் பகுதிகளைப் பெண்கள் வாசிக்க இசைவு கிட்டியது. ஆயினும் 1972இல் வாசகர், பீடத்துணைவர் என்னும் பணிநிலைகள் வகுக்கப்பட்டபொழுது அவை ஆடவர்க்கே உரியவாயின. வாசிக்கலாம், வாசகர் எனப்படலாகாது! அந்த 1972ஆம் ஆண்டில்தான், ஜொகூர் பாருவின் திரு இருதய ஆலயத்தைப் பேராலயமாகக் கொண்ட மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டமும் தோன்றிற்று. ஆகவே அம்மறைமாவட்டம் தன் முதல் 48 ஆண்டுகளையும் இம்முரண்பாட்டோடே கழித்தது எனலாம்.

1994இல் சிறுமியரும் பீடத்தில் பணிசெய்ய வழி பிறந்தது. 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிசு திருச்சபைச் சட்டத்தின் 230ஆம் விதியைத் திருத்தினார். 'ஆடவராகிய பொதுநிலையினர்' என்றிருந்த இலத்தீன் தொடர் 'பொதுநிலையினர்' என்றாயிற்று. நீக்கப்பட்டது ஒரு சொல்லே. தமிழிலக்கணம் கற்றோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்: ஆண்பாற்கு மட்டும் உரியதாயிருந்த விதி, இருபாலாரையும் தழுவும் பலர்பாலுக்கு வந்தது.

மரபைக் காப்போர்க்கும் ஒரு நியாயம் உண்டு. இயேசு பெருமான் தேர்ந்த திருத்தூதர் பன்னிருவரும் ஆடவர். குருத்துவம் அவ்வழி வருவது என்பர். பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்று 1994இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அறிவித்ததும், 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைத் தொடாததும் கருதத்தக்கன. அது சமயக் கோட்பாட்டைச் சார்ந்த வழக்கு; அதன் தீர்ப்பு இறையியலார்க்குரியது. ஆனால் குருத்துவத்திற்கெனக் கட்டிய வேலியைப் பாடலுக்கும் வாசிப்புக்கும் நீட்டியது கோட்பாடன்று, பழக்கம்.

தமிழ்ச் சமய மரபு இதில் முழுமையான வழிகாட்டி என்று பெருமை கொள்வதற்கும் இல்லை. ஆண்டாள் ஆழ்வார் பன்னிருவருள் ஒருவர். காரைக்காலம்மையார் நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவர். அவர்தம் பாடல்கள் திருமுன்னர் ஒலிக்கின்றன. பெண்ணின் சொல்லுக்கும் பெயருக்கும் இடம் தந்த மரபு அது. எனினும் கருவறைப் பூசை ஆடவர் கையிலேயே நின்றது. ஒரு மரபு பெயரைத் தந்து பணியை மறுத்தது. மற்றொன்று பணியைக் கொண்டு பெயரை மறுத்தது. இரண்டும் பாதி வழியே.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியைகளே மிகுதியாக உள்ளனர். திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளைகளுக்குப் பிழையற வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியை, ஞாயிறன்று ஆலயத்தில் மறைநூலை வாசிப்பாராயின் சபை அதனால் நலமே அடையும். இன்று சட்டம் அவர்க்கு வாசகர் என்னும் பெயரையும் தர இசைகின்றது. ஏட்டில் இசைந்ததைப் பங்குதோறும் நடைமுறையாக்குதல் எஞ்சியுள்ள கடமை. அக்கடமையை ஆற்றாதவிடத்து, வழிபாடு அவர் உழைப்பை ஏற்றும் அவரை ஏற்காததாகவே இருக்கும்.