கிலோமீட்டர் காட்டும் தாளம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூந்தமல்லி பைபாஸில் நின்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கமாக புல்லட்டுகள் வரிசையாகப் போகும். முழங்கால் கவசம், ஹெல்மெட்டில் ஒட்டிய கேமரா, எல்லாம் இருக்கும். முக்கால்வாசிப் பேர் ஒரு பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். குறை சொல்லவில்லை, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இதே பழக்கத்தைத் தன் தொழிலுக்கான வலைப்பயிற்சியாகவே வைத்திருந்த ஒருவர் உண்டு: கனடாவின் ‘ரஷ்’ ராக் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட்.

விளையாட்டுப் பக்கத்தில் டிரம்மருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மூன்று மணி நேரக் கச்சேரியில் இரண்டு கையும் இரண்டு காலும் தனித்தனி வேலை பார்க்க வேண்டும், கடைசிப் பாட்டிலும் வேகம் குறையக் கூடாது. ஐந்தாம் நாள் மாலை புதுப்பந்தை வாங்கும் வேகப்பந்து வீச்சாளருக்கு இதன் அருமை தெரியும். 1981இல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தில் டொராண்டோ விமான நிலையத்தின் குறியெழுத்து ஒய்-ஒய்-இசட்டையே மோர்ஸ் தந்தியாக அடித்துத் தொடங்கும் இசைத்துண்டு ஒன்று இருக்கிறது. கணக்கு ஐந்தில் ஓடும். அதே ஆல்பத்தின் ‘டாம் சாயர்’ நடுவில் ஏழுக்குத் தாவும். நம் மிஸ்ர சாபு பழகிய காதுக்கு ஏழு புதிதில்லை. அந்த வேகத்தில் ஏழு என்று தெரியாதபடி வாசித்ததுதான் வித்தை.

என்னை அசத்தியது வேறொன்று. 1994இல், 42 வயதில், உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஃபிரெடி குரூபர் என்ற ஆசிரியரிடம் போய்க் குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றார். 2004 சிட்னியில் சச்சின் கவர் டிரைவை மூட்டைகட்டி வைத்துவிட்டு 241 எடுத்தாரே, அந்த ரகத் துணிச்சல்.

சாலைக்கு வருவோம். எண்பதுகளில் ஊருக்கு ஊர் கச்சேரிக்கு நடுவே சைக்கிள் மிதித்தார். 1988இல் கேமரூனில் சைக்கிள் பயணம் போய் அதைப் புத்தகமாகவும் எழுதினார். 1996 சுற்றுப்பயணத்திலிருந்து பைக். கச்சேரி முடிந்ததும் பேருந்தில் ஏறுவார், பின்னால் டிரெய்லரில் பைக். வழியில் எங்காவது நிறுத்தித் தூங்கிவிட்டு, காலையில் பைக்கை இறக்கி அடுத்த அரங்கத்துக்கு ஓட்டிப் போவார். நெடுஞ்சாலையைத் தவிர்த்து உள்சாலைதான் பிடிப்பார். பெங்களூர் ரோட்டை விட்டுத் திருமழிசையில் திரும்பி, வெள்ளவேடு வழியாக ஊத்துக்கோட்டை பக்கம் போகிறவர்களுக்கு அந்த ருசி புரியும்.

1997 ஆகஸ்டில் மகள் கார் விபத்தில் போனாள். அடுத்த ஆண்டு மனைவியைப் புற்றுநோய் கொண்டுபோனது. இனி என்னை ஓய்வுபெற்றவனாக எண்ணிக்கொள்ளுங்கள் என்று சகாக்களிடம் சொல்லிவிட்டு, பிஎம்டபிள்யூ ஆர்1100ஜிஎஸ் பைக்கில் கிளம்பினார். 14 மாதம், ஏறத்தாழ 88,000 கிலோமீட்டர். பூமியை இரண்டு முறை சுற்றினாலும் மிச்சம் இருக்கும். ஐந்து ஆண்டு மேடை ஏறாதவர் 2002இல் திரும்பி வந்து, 2015 வரை வாசித்தார். இத்தனை நாள் கழித்து வந்த ஆட்டக்காரருக்கு முதலில் போவது உடல் தாங்கும் சக்தி. இவருக்கு அது போகவில்லை. காரணம் சாலை என்பது என் கட்சி: நாள் முழுக்க ஒரே சீராக ஓட்டுவதும், கடைசி ஒரு மணி நேரத்திலும் கவனம் சிதறாமல் இருப்பதும் டிரம்முக்கு வேண்டிய அதே சரக்குதான்.

2020 ஜனவரியில் மறைந்தார். அந்த டிசம்பரிலேயே, எழுபதுகளில் வாசித்த குரோம் டிரம் செட் ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போனது. அடுத்த ஆண்டு அவருடைய வெள்ளி நிறப் பழைய கார்களும் ஏலத்துக்கு வந்தன. பளபளப்பதற்கெல்லாம் ஆள் இருக்கிறது. இவருக்கு ஒரு கண்காட்சி வைக்க என்னிடம் விட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் வைப்பது பைக்கின் கிலோமீட்டர் மீட்டர். பக்கத்தில் விளிம்பு தேய்ந்த ஒரு ஜோடிக் குச்சி. டிரம் செட்டுக்கு மூன்றாவது இடம்.

கண்காட்சி என்றதும், சென்னைக்கு மேற்கே நம் பக்கம் பாருங்கள். அம்பத்தூரில் 1949இலிருந்து டிஐ சைக்கிள்ஸ். டன்லப் டயரும் அங்கேயே தயாரானது. பாடியில் லாரி பிரேக். ஆவடியில் டாங்கியே ஓடியது. வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் ஓடுதளத்தில் பைக்கும் காரும் பறந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் வந்தது. மெல்லிசைக் குழுக்களின் டிரம் செட் வேன் கூரையில் கயிறு கட்டி ராத்திரியெல்லாம் பயணம் போனதும் இதே சாலைகளில்தான். கார்களுக்காகக் கோயம்புத்தூரில் ஜிடி அருங்காட்சியகம் இருக்கிறது. சாலைக்கு வேண்டியதையெல்லாம் செய்துகொடுத்த இந்த மேற்கு வட்டாரத்தில் அதையெல்லாம் காட்டி வைக்க ஒரு அறைகூட இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் சோழவரம் பந்தய டிக்கெட்டோ, அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிளின் முன்பக்கத் தகடோ, தோல் கிழிந்த பழைய ஸ்னேர் டிரம்மோ கிடந்தால், இந்தப் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.